அம்மன் எதைப் பார்க்கிறாள்?

கண்ணு,

நீ கேட்ட படத்தை எடுத்துவிட்டேன். கோயிலில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போய், மேகம் விலகி மண்டபத்துக்குள் வெளிச்சம் விழும்வரை காத்திருந்து, நீ சொல்லிக்கொடுத்தபடி போனை ஆட்டாமல் பிடித்து எடுத்தேன். நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் இன்னும் அனுப்பவில்லை. நீயும் தினமும் "என்னம்மா, படம் என்னாச்சு, கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகணும்" என்று கேட்கிறாய். நான் மழை என்கிறேன், நெட் இல்லை என்கிறேன், உன் அப்பாவுக்கு மூட்டு வலி என்கிறேன். இந்த ஊரில் மூன்றுமே எப்போதும் உண்மை என்பதால் நீயும் நம்பிவிடுகிறாய். காரணம் அது எதுவுமில்லை. எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. முதலில் அது படத்தின் மேல் வந்தது, பிறகு படம் வரைந்தவர் மேல் போனது, இப்போது உன்மேல் வந்து நிற்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ ரம்யாவின் கழுத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்தாக வேண்டும்.

சந்தேகம் என்றதும் உனக்குச் சிரிப்பு வரும். குன்னூர் மார்க்கெட்டில் என் தலை தெரிந்தாலே கேரட்டுக்காரர் "கேத்தி கேரட்டுதானுங்க, ஒடச்சே பாத்துக்கங்க" என்று தானாகவே ஒன்றை எடுத்து நீட்டுவதை நீ நண்பர்களிடம் நடித்துக் காட்டியிருக்கிறாய். என்ன செய்ய, என் பிழைப்பே அதுதானே. வெடிமருந்து பேக்டரியில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். வந்த பொருளில் எது நல்லது என்று அங்கே யாரும் என்னைக் கேட்டதில்லை. எங்கே பிசகு ஒளிந்திருக்கிறது என்று பார்க்கத்தான் சம்பளம் கொடுத்தார்கள். ரிட்டையர் ஆன பிறகும் கண் ஓயவில்லை. ரம்யாவை நீ முதல்முறை வீட்டுக்கு அழைத்து வந்தபோதுகூட, இவ்வளவு சிரிக்கிற பெண் எதையோ மறைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருநாள் அதை அவளிடமே சொன்னேன். "ஆமாங்கத்தை, உங்களப் பாத்தா பயமா இருந்துச்சு, அதத்தான் மறைச்சேன்" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றிலிருந்து அவள் எனக்கு மருமகள் இல்லை, மகள். இந்தக் கடிதத்தை அதை மனதில் வைத்துக்கொண்டு படி.

பத்திரிகையின் மேலே அச்சாபீஸ்காரர் வைத்திருக்கும் சாமி படம் வேண்டாம், நம் காலனிக் கோயில் சுவரில் வரைந்திருக்கிற மாரியம்மன்தான் வேண்டும் என்று நீ சொன்னபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோயம்புத்தூரில் பெரிய போட்டோகிராபர் ஆகிவிட்டாய், ஊரெல்லாம் உன்னைக் கூப்பிட்டுக் கல்யாணப் படம் எடுக்கச் சொல்கிறார்கள், இருந்தும் அருவங்காட்டை மறக்கவில்லையே என்று பூரித்துப்போனேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கீழ சின்னதா, ஓவியம் தங்கராசுன்னு போடுவோம்மா. ஒரு கலைஞனுக்கு நாம பண்ற மரியாத" என்றாய். அந்த ஆள் பெயர் எதற்கு என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாய். "அவரு ஊட்டுல எப்படி இருந்தாருன்னு நமக்கெதுக்கும்மா? ஆளு வேற, ஆர்ட் வேற. நல்லவங்க மட்டும்தான் வரையணும்னா உலகத்துல பாதிச் சுவரு வெறுஞ்சுவராத்தான் இருக்கும்."

பேசத் தெரிந்தவன் நீ. பக்கத்தில் உட்கார்ந்து வர்க்கி பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்த உன் அப்பாவும் உன் கட்சிதான். "பையன் சொல்றது செரிதான புள்ள. சமையக்காரன் குடிகாரனா இருந்தா சாம்பாரு கெட்டா போயிருது?" என்றார். சாம்பார் கெடாது. ஆனால் அவன் அதில் என்ன போட்டான் என்று பார்க்க வேண்டாமா? நான் அப்படிக் கேட்டதும் உன் அப்பா அடுத்த வர்க்கியை எடுத்துக்கொண்டார். ஆளும் கலையும் வேறு வேறு என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் அந்த ஆளின் பக்கத்து வீட்டில் குடியிருந்ததில்லை. உன் அப்பா குடியிருந்தார், ஆனால் அவர் படுத்தால் காலையில் பேக்டரி சங்கு ஊதும்வரை எதுவும் காதில் விழாது.

குவார்ட்டர்ஸில் தங்கராசு வீடும் நம் வீடும் ஒட்டியிருந்தன, நடுவில் ஒரே சுவர். உனக்கு அவரை நன்றாக நினைவிருக்கும். பேக்டரியில் பெட்டிகளுக்கும் கதவுகளுக்கும் எழுத்து எழுதுகிற பெயின்டர். நீள விரல்கள், எண்ணெய் வைத்து வாரிய தலை, அன்பான குரல். காலனியில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் வாசலில் பெயர் எழுதித் தருவார், ஒரு வாய் காப்பியைத் தவிர எதுவும் வாங்க மாட்டார். உன் சிலேட்டில் மயில் வரைந்து கொடுத்தவர் அவர்தான். அதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த மயில் அழகான மயில்.

ஆனால் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். பாத்திரம் விழுகிற சத்தம் கேட்கும். பிறகு ஒரு சத்தம், அது பாத்திரம் இல்லை. பிறகு ஒன்றுமே கேட்காது, அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருக்கும். இந்தக் குளிரில் நம் ஊரில் பால் லேசில் தயிராகாது, அடுப்பு மேடையில் கம்பளி சுற்றி வைத்தாலும் பாலாகவே இருக்கும். அதனால் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் உறைமோர் வாங்கப் போவது வழக்கம், எந்த நேரத்தில் போனாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வரிசைப் பெண்களில் யாராவது ஒருத்தி டம்ளரை எடுத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டுவோம். நாங்கள் யாரும் பேசிவைத்துக்கொண்டதில்லை. தங்கராசுதான் கதவைத் திறப்பார். மூச்சு வாங்கும், முகத்தில் சிரிப்பு இருக்கும். "வாங்க அம்மிணி, வாங்க. ருக்கு, அம்மிணிக்கு உறை ஊத்திக் குடு" என்பார். ருக்மணியக்கா முந்தானையை இழுத்து ஒரு பக்கக் கன்னத்தை மூடிக்கொண்டு வருவாள். "பாத்ரூம்ல வழுக்கிருச்சு" என்பாள், நாங்கள் கேட்காமலே. அன்றைக்கு அதோடு அடங்கிவிடும். நம் வீட்டில் தயிருக்குப் பஞ்சமே இருந்ததில்லை என்று நீ பெருமையாகச் சொல்வாயே, அந்தத் தயிர் இப்படி வந்ததுதான்.

கோயில் மண்டபம் கட்டியபோது பக்கச் சுவரில் அம்மனை வரைந்து தருவதாக அவர்தான் முன்வந்தார். அந்த மழைக்காலம் முழுவதும், ஷிப்ட் முடிந்ததும் ருக்மணியக்காவை ஜன்னலோரம் முக்காலியில் உட்கார வைத்து அட்டையில் வரைந்து வரைந்து பார்த்தார். நான் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அவள் சிலைபோல உட்கார்ந்திருப்பாள். எனக்கு ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் அந்த நாட்களில் சுவருக்கு அப்பால் சத்தமே இல்லை. மனுஷன் திருந்திவிட்டார், அம்மன் வேலை அவரைத் திருத்திவிட்டது என்று நானே உன் அப்பாவிடம் சொன்னேன். சுவரில் படம் முடிந்து திரையை விலக்கிய அன்று காலனியே கையெடுத்துக் கும்பிட்டது. அம்மன் கனவில் வந்து முகத்தைக் காட்டினாள் என்று தங்கராசு எல்லோரிடமும் சொன்னார். பெண்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்வது, அது சாமியின் முகம் ஆகிவிட்டதே. அடுத்த வாரமே நான் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

படம் நல்ல படம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். மோசமாக வரைந்திருந்தால் என்றைக்கோ வெள்ளையடித்திருப்பார்கள், நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தாய். அந்தச் சுவருக்கு முன்னால்தான் உன்னைக் கிடத்திவிட்டு அழுதேன். கொஞ்சம் தலை சாய்த்து, கண்ணைத் தாழ்த்தி, ஓரமாகப் பார்க்கிற அந்த முகத்தில் எனக்கு ஆறுதல் கிடைத்தது. "என்ன ஒரு கருணை பாரு, வர்றவங்கள வான்னு கூப்பிடற பார்வை" என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்வார். தங்கராசு இறந்தபோது காலனி வாசலில் பேனர் வைத்தார்கள், "அம்மனைக் கண்ட கலைஞர்" என்று. அந்தப் பேனருக்குக் கீழே ருக்மணியக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் அழுதாளா என்று எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

இப்போது நீ படம் கேட்டதால் போனைத் தூக்கிக்கொண்டு போனேன். எடுத்த பிறகு, தெளிவாக இருக்கிறதா என்று இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை வருஷம் கீழே நின்று அண்ணாந்து பார்த்த கண்ணை அன்றுதான் என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பழைய உத்தியோக புத்தி, விடவில்லை. இந்தக் கண் எங்கே பார்க்கிறது? நம்மைப் பார்க்கவில்லை. வாசலையும் பார்க்கவில்லை. வரைகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவருடைய முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முகத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பக்கமாக. அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று யோசித்தபடி படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் தெரிந்தது. அங்கே அவருடைய வலது கை இருக்கும்.

அம்மனைக் கும்பிடாமல் எழுந்து வந்தது அன்றைக்குத்தான் முதல்முறை. அதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், அது வேறு விஷயம். ஆனால் வீட்டுக்கு வந்தும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த வாரம்தான் நீ ரம்யாவின் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டாய். மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு வைக்கப்போகிற படம், பத்திரிகையின் உள்பக்கத்திலும் வரப்போகிற படம். சித்தி, மாமா, சென்னையிலிருக்கிற உன் சேக்காளிகள், எல்லோரும் பாராட்டி எழுதினார்கள். "என்ன ஒரு வெட்கம்! என்ன ஒரு பார்வை!" என்று உன் சித்தி போட்டிருந்தாள். தேயிலைச் சரிவு, பின்னால் மேகம், நடுவில் தலையைச் சாய்த்து, கண்ணைத் தாழ்த்தி, ஓரமாகப் பார்க்கிற ரம்யா. நான் எதுவும் எழுதவில்லை என்று நீ வருத்தப்பட்டாய். நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணு.

அந்தப் படம் எடுத்தபோது நான் அங்கேதான் இருந்தேன் என்பதை நீ மறந்திருப்பாய். கேத்திக்கு மேலே அந்தச் சரிவில் காற்று எலும்பைத் தொட்டது. நீ ஜாக்கெட் போட்டிருந்தாய், ரம்யா மெல்லிய பட்டுப்புடவையில் நின்றாள். அவள் உதடு நீலமாகிவிட்டது. நீ ஸ்டாண்டில் நிறுத்திய கேமராவுக்குப் பின்னால் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய். "ஒரே ஒரு பார்வ கேக்கறேன். அதுகூட வராதா உனக்கு?" அவள் "குளுருதுங்க" என்றாள். நீ அவள் அருகே போனாய். முகவாயை விரல்களால் பிடித்து, ஒரு பொருளைத் திருப்புவதுபோலத் திருப்பினாய். "இப்படி. அசையாத" என்றாய். திரும்பி வந்து வலது கையைத் தூக்கி அசையாதே என்று காட்டிக்கொண்டே எடுத்தாய். அவள் கன்னத்தில் உன் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. நான் டீ பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடந்தேன். "அம்மா, ஃப்ரேமுக்குள்ள வராத!" என்று கத்தினாய். ஏன் வந்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. என் கால் அந்த வழக்கத்துக்குப் பழகியிருந்தது. கையில் இருந்தது பிளாஸ்க், பழைய டம்ளர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு நீயே அவளுக்குச் சால்வை போர்த்திவிட்டாய், டீயை ஊதி ஆற்றிக் கொடுத்தாய். "ஸாரி, வேலைன்னு வந்தா நான் இப்படித்தான்" என்று சிரித்தாய். அவளும் சிரித்தாள். நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் தங்கராசும் சால்வை போர்த்துகிறவர்தான். நீ அவளை அடித்தாய் என்று நான் சொல்லவில்லை. அடிப்பாய் என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. பெற்ற பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாது என்று எழுதுகிற நிலைமை வந்துவிட்டதே என்று எனக்குப் பயமாகவும் அவமானமாகவும் இருக்கிறது. எழுதும்போது இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

என் கண்தான் கோணலோ என்று என்னையே சந்தேகப்பட்டேன். அதனால் கேட்டுவிடுவது என்று ருக்மணியக்கா வீட்டுக்குப் போனேன். கோயிலுக்குக் கீழே தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்து யாருக்கோ ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். உன் கல்யாணம் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. பத்திரிகையில் கோயில் படத்தைப் போடலாமா என்று அனுமதி கேட்டேன்.

"என்னயக் கேக்கறீங்களே அம்மிணி, கோயில்காரங்களக் கேளுங்க."

"படத்துல இருக்கறது நீங்கதானுங்களே அக்கா."

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நாந்தான். ஊருக்குத் தெரியாதா என்ன. தெரியாத மாரி கும்பிட்டுக்கறாங்க."

"அதுல நீங்க எதப் பாக்கறீங்கக்கா?"

பின்னுகிற கை நின்றது.

"இத்தன வருசத்துல நீங்கதான் கேக்கறீங்க. அவரு கையத்தான் அம்மிணி. வேற எதப் பாப்பேன்? பிரஷ்ஷு கையில இருக்கற மட்டும் ஒண்ணும் பண்ண மாட்டாரு. கீழ வெச்சாருன்னாத்தான். அதுனால எப்ப வெப்பாரு, எப்ப வெப்பாருன்னு கையவே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அந்த மழைக்காலம் முச்சூடும் எனக்கு நிம்மதி. படம் முடியவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். யாருகிட்ட வேண்டறது? அம்மன்னு அங்க உக்காந்திருந்தது நான் மட்டுந்தான்."

நீ சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன், அவர் பெயரைப் போட வேண்டும் என்று என் மகன் சொல்கிறான் என்று. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபமே இல்லை. "போட்டுக்கட்டும். அவருதான வரைஞ்சாரு, அதுல பொய்யில்ல. நெம்ப நல்லா வரைவாரு. பாருங்க, நான் பயந்தது அப்படியே வந்திருக்குது. அப்ப அது அவரு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சும், நெறத்தக் கலந்து கலந்து வரைஞ்சிட்டே இருந்திருக்காரு. அடிச்சதுகூட எனக்கு மறந்துரும் போல அம்மிணி. இதுதான் மறக்கறதில்ல" என்றாள்.

ஆளு வேற, ஆர்ட் வேற என்றாயே, இப்போது சொல். தங்கராசின் கையை வெட்டி எறிந்துவிட்டு அந்தப் படத்தை எப்படிப் பார்ப்பாய்? அம்மன் பார்த்துக்கொண்டிருப்பதே அந்தக் கையைத்தானே. படத்தை அழிக்கச் சொல்லவில்லை நான். உனக்காக அங்கே அழுத அழுகை பொய்யில்லை, கிடைத்த ஆறுதலும் பொய்யில்லை. ஆனால் அந்த ஆறுதலை எனக்குக் கொடுத்தவர் தங்கராசு என்று இத்தனை நாள் காலனியே கணக்கு வைத்திருக்கிறதே, அதில்தான் எனக்குச் சந்தேகம். கொடுத்தவள் முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தவள். இன்னொன்றும் கேட்கிறேன். அந்தச் சரிவில் நீ ரம்யாவை எத்தனையோ படம் எடுத்தாய். அவள் சிரிக்கிற படம் இருந்தது, மூக்கைச் சுருக்குகிற படம் இருந்தது, என்னைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம்கூட இருந்தது. அத்தனையையும் தள்ளிவிட்டு அந்த ஒன்றை ஏன் தேர்ந்தெடுத்தாய்? அதில் ஏதோ இருக்கிறது என்று உன் கண் சொல்லியிருக்கிறது. அது என்ன என்று நீ உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தும் எடுத்தாய் என்றால், எனக்கு இன்னும் பயம்.

கல்யாணத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. அது என் கையில் இல்லை, உன் கையிலும் இல்லை, ரம்யாவின் கையில் இருக்கிறது. அதனால் இதே கடிதத்தை அவளுக்கும் அனுப்பியிருக்கிறேன். நீ காட்டுவாய் என்று நான் நம்பவில்லை. கோபித்துக்கொள், பரவாயில்லை. இரண்டு பேரும் வாருங்கள், சேர்ந்து வந்தாலும் சரி, தனித்தனியாக வந்தாலும் சரி. அவள் பேசட்டும், நீ கேமரா இல்லாமல் கேள். அவளுக்கு வர இஷ்டமில்லை என்றால் வர வேண்டாம், நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். பத்திரிகை காத்திருக்கட்டும். ஊர் என்ன சொல்லும் என்று உன் அப்பா கவலைப்படுகிறார். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடும், அதற்கு வேறு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன். நீ என் பிள்ளை. நீ எடுக்கிற படங்களைப் பார்த்து நான் எவ்வளவு கர்வப்பட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது, சொன்னால் தலை கனத்துவிடும் என்று சொன்னதில்லை. அந்தக் கர்வத்தையும் இந்தப் பயத்தையும் என்னால் வேறு வேறாக வைக்க முடியவில்லை.

ருக்மணியக்கா வீட்டில் நடந்ததில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கிளம்பும்போது கேட்டேன், இவ்வளவு நடந்தும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருகிறீர்களே, அந்தச் சுவருக்கு முன்னால் நின்று எப்படிக் கும்பிட முடிகிறது என்று.

"கும்பிடறதுக்கா வர்றேன்?" என்றாள். "அந்தப் புள்ளையப் பாக்கத்தான் வர்றேன். அவ இன்னும் அங்கயே உக்காந்திருக்கறாளே. நல்லா இருக்கறாளான்னு ஒரு எட்டு பாத்துட்டு, அவரு போயிட்டாரு கண்ணு, இனி நீ எந்திரிச்சுக்கலாம்னு சொல்லிட்டு வருவேன்."

மருமகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். என் போனில் நீ அனுப்பிய படம்தான் மேலாக இருந்தது. கொடுத்தேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு வெகுநேரம் பார்த்தாள். அழகாக இருக்கிறாள் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "யாரு எடுத்தது?" என்று கேட்டாள். என் பையன் என்றேன். போனை என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மூடினாள்.

"இந்தப் புள்ளைய நான் வெள்ளிக்கிழமை எங்க போயி பாக்கறது, அம்மிணி?"

கண்ணு, வருகிற வெள்ளிக்கிழமையும் அவள் கோயிலுக்கு வருவாள். நீயே வந்து அவளுக்குப் பதில் சொல்.

அம்மா